1920-களின் சொகுசுக் கார் குளிர்காலத்தில் ஸ்டார்ட் ஆக மறுப்பது ஏன்? அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தார்கள்?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது: இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதியில் ஒருவருடைய பழைய கார் சேகரிப்பைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறார். அங்கே 1920-களைச் சேர்ந்த ஆறு சிலிண்டர் சொகுசுக் கார் ஒன்று நிற்கிறது. செப்டம்பரில் சொன்ன பேச்சைக் கேட்ட இன்ஜின், டிசம்பர் காலையில் அரை மணி நேரம் போராடினாலும் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கிவிடுகிறது. "பிரபுக்கள் ஓட்டிய வண்டி ஆயிற்றே, அவர்கள் குளிரில் எப்படித்தான் எடுத்தார்கள்? ஈதர் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கலாமா?" என்று கேட்கிறார்.

தம்பி, இதில் நீங்கள் எழுதாமல் விட்ட இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வண்டியில் கோளாறா, இல்லை அதன் சுபாவமே இப்படித்தானா? உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது அதுதான். பாதிக்குப் பாதி சுபாவம், மீதி பாதி பெரும்பாலும் பெட்ரோல் என்பது என் ஊகம். காரணத்தைக் கீழே சொல்கிறேன். நான் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பக்கம் பழைய கார்களைச் சீரமைக்கும் பட்டறை ஒன்றில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவன். என் கை பழகியது பிரிட்டிஷ், அமெரிக்க ஆறு சிலிண்டர் இன்ஜின்களில்தான். கீழே விளக்கப்போகும் ஸ்லீவ் வால்வ் வகை இன்ஜின்களில் இரண்டை மட்டுமே திறந்து பார்த்திருக்கிறேன். உங்கள் காரின் பெயரை நீங்கள் சொல்லவில்லை, நானும் நேரில் பார்க்கவில்லை. ஆகவே பொதுவாகப் பொருந்துவதை உறுதியாகவும், உங்கள் வண்டியைப் பற்றியதை ஊகமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நகர்த்திவிடலாம். விலை அதிகமான கார் என்றால் குளிரில் சுலபமாகக் கிளம்பும் என்று நினைக்கிறோம். அந்தக் காலத்தில் நிலைமை கிட்டத்தட்ட நேரெதிர். ரோல்ஸ் ராய்ஸ் 1906-இல் காட்டிய 40/50, பின்னாளில் சில்வர் கோஸ்ட் என்று பெயர் பெற்ற வண்டி, ஏழு லிட்டருக்கு மேல் கொள்ளளவு உள்ள ஆறு சிலிண்டர் இன்ஜின் கொண்டது. அவ்வளவு இரும்பு ஒரு ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்தால், அதைச் சுற்றவும் சூடேற்றவும் சின்னக் காரைவிடப் பல மடங்கு பாடு. அன்றைய சொகுசு என்பது தானாகக் கிளம்பும் இன்ஜின் அல்ல. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அதைக் கிளப்பி வைக்க ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடிவதுதான். முதலாளி காலை உணவை முடித்துவிட்டு வெளியே வரும்போது வண்டி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு முன்னால் நடந்த இரண்டு மணி நேரக் கூத்து அவர் கண்ணில் பட்டிருக்காது. நீங்கள் இப்போது அந்த டிரைவரின் இடத்தில் நிற்கிறீர்கள்.

இன்ஜின் பிடிக்காததற்கு முதல் காரணம் பெட்ரோல். பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரியாது, அதன் ஆவிதான் எரியும். ஈர விறகை அடுப்பில் வைத்து ஊதியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பூஜ்யம் டிகிரியில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் கொடுக்கும் பெட்ரோலில் சிறு பகுதிதான் ஆவியாகிறது. மிச்சம் துளித்துளியாகக் குளிர்ந்த குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் காலத்துப் பெரிய கார்களில் கார்புரேட்டர் பெரும்பாலும் இன்ஜினின் விலாப்பக்கம், கீழே இருக்கும். கலவை மேல்நோக்கி ஏற வேண்டும். வேகமாக ஓடும்போது காற்றின் இழுப்பு துளிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். கையால் சுற்றும் வேகத்தில் அந்த இழுப்பே கிடையாது. துளிகள் ஏறுவதற்குப் பதிலாக வழிந்து கீழே இறங்கும். ஆறு சிலிண்டருக்கு நீண்ட குழாய் என்பதால், இரண்டு கோடியிலும் இருக்கும் சிலிண்டர்களுக்கு வெறும் காற்றுதான் போகும். நீங்கள் கேட்ட அந்த இரண்டு இருமல், நடுவில் உள்ள ஏதோ ஒரு சிலிண்டர் மட்டும் எரிந்த சத்தமாக இருக்கலாம்.

சோக் போடுவதன் அர்த்தமும் இதுதான். பத்தில் ஒரு பங்கு ஆவியானாலும் அந்த ஒரு பங்கு போதுமான அளவில் இருக்கட்டும் என்று காற்றை அடைத்துப் பெட்ரோலை அள்ளிக் கொட்டுகிறோம். அதற்கு முந்தைய வழி, சிலிண்டர் தலையில் இருந்த சின்னப் பித்தளைக் கிண்ணக் குழாய்கள். அதைத் திறந்து எண்ணெய்க் கேன் மூக்கால் ஒரு தேக்கரண்டி அளவுக்குப் பெட்ரோல் விட்டு மூடி, பிறகு சுற்றுவார்கள். கொதிநீரில் துணியை நனைத்துப் பிழிந்து கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள குழாயைச் சுற்றிக் கட்டுவது இன்னொரு வழி. பார்க்கச் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். என் அனுபவத்தில் சோக்கைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம்.

இங்கே ஒரு வரலாற்று விஷயம் உங்கள் காரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 1910-க்கு முன்பு விற்ற பெட்ரோல் மிக லேசானது, குளிரிலும் ஓரளவு ஆவியாகும். கார்கள் பெருகிய வேகத்துக்கு அந்த லேசான பகுதி மட்டும் போதவில்லை. 1913-இல் அமெரிக்காவில் பர்ட்டன் முறையில் கனமான எண்ணெயை உடைத்துப் பெட்ரோலாக்கத் தொடங்கினார்கள். விற்பனைக்கு வந்த பெட்ரோலும் பொதுவாகவே கனத்துக்கொண்டு போனது. இன்ஜின் அதேதான், பெட்ரோல் மாறிவிட்டது, குளிர்காலப் புலம்பல் கூடிவிட்டது. அதனால்தான் 1920-ஐ ஒட்டி வந்த கார்களில் புகைக்குழாயின் சூட்டைக் கொண்டு உள்ளிழுப்புக் குழாயைச் சூடாக்கும் ஏற்பாடுகளைப் பார்க்கிறோம். பேக்கார்டு கம்பெனி தன் பன்னிரண்டு சிலிண்டர் ட்வின் சிக்ஸ் காரில் ஒரு படி மேலே போய், உள்ளிழுக்கும் பாதைக்குப் பக்கத்திலேயே ஒரு தனிப் பிளக்கை வைத்து, கொஞ்சம் கலவையை எரித்து, அந்தச் சூட்டில் மீதிக் கலவையை ஆவியாக்கியது. ஃபியூலைசர் என்று பெயர் வைத்தார்கள். வரைபடத்தைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தக் காலத்துத் துணிச்சல் அப்படி.

இரண்டாவது காரணம் ஆயில். மார்கழி மாதம் குளியலறை ஜன்னலில் வைத்த தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டியது நினைவிருக்கிறதா? இன்ஜின் ஆயில் அப்படி வெள்ளையாகக் கட்டிப் போகாது. ஆனால் அதிலிருக்கும் மெழுகு குளிரில் படிகமாகி, ஆயில் பாகு மாதிரி இழுபடும். இப்போது நாம் ஊற்றும் பல தர ஆயில்கள் சூட்டிலும் குளிரிலும் ஓரளவு ஒரே மாதிரி ஓடும்படி தயாரானவை. அன்றைக்கு ஒற்றைத் தரம் மட்டும்தான். கோடையில் ஊற்றிய கனமான ஆயிலைக் குளிர்காலத்திலும் விட்டுவைத்தால், இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டைச் சுற்ற இரண்டு ஆள் வேண்டும். கடுங்குளிர் நாடுகளில் டிரைவர்கள் ராத்திரி இன்ஜின் சூடாக இருக்கும்போதே ஆயிலைக் கேனில் இறக்கி வீட்டுக்குள் கொண்டுபோய், காலையில் அடுப்பில் சூடாக்கித் திரும்ப ஊற்றினார்கள். கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து இளக்கியவர்களும் உண்டு. அதை நீங்கள் செய்ய வேண்டாம், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் போய்விடும்.

ஆயில் விஷயத்தில் புதிதாக வருபவர்கள் ஏமாறும் இடம் பிரஷர் மீட்டர். குளிரில் ஸ்டார்ட் ஆனதும் முள் மேலே போய் நிற்கும், 'ஆகா, பிரஷர் பிரமாதம்' என்று தோன்றும். கெட்டியான ஆயில் துவாரங்களில் நுழைய மறுத்து முட்டிக்கொண்டு நிற்பதால்தான் அந்த அழுத்தம். பிரஷர் அதிகம், ஓட்டம் குறைவு. முள் மேலே நிற்கும் அந்த முதல் இரண்டு நிமிடத்தில்தான் பேரிங் பட்டினி கிடக்கிறது.

பிரிட்டனின் டெய்ம்லர் கம்பெனி 1909 மாடல்களில் கொண்டுவந்த, சார்லஸ் நைட் வடிவமைத்த ஸ்லீவ் வால்வ் இன்ஜினும், அதே வகை இன்ஜின் கொண்ட பெல்ஜியத்தின் மினெர்வா, பிரான்ஸின் வாய்சின் கார்களும் இதில் தனி ரகம். அவற்றில் பிஸ்டனைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளை உறைகள் மேலும் கீழும் நகரும். ஓடும்போது பூனை மாதிரி சத்தமே கேட்காது. பிரிட்டிஷ் அரச குடும்பம் டெய்ம்லரை விரும்பியதற்கு அந்த அமைதியும் ஒரு காரணமாக இருந்திருக்கும். ஆனால் பெரிய பரப்புகளுக்கு நடுவே மெல்லிய ஆயில் படலம் குளிரில் பசையாகிவிட்டால், இன்ஜினைக் கையால் சுற்றும் ஹேண்டில் அசையவே அசையாது. உங்கள் கார் அந்த வகையாக இருந்தால், தயவுசெய்து ஸ்டார்ட்டரை வைத்துப் பலவந்தம் செய்யாதீர்கள். உறைகளை ஆட்டும் சின்னக் கம்பிகள் உடைந்தால் செலவு உங்கள் வருடச் சம்பளத்தைத் தாண்டும்.

மூன்றாவது நெருப்புப் பொறி. மேக்னட்டோ என்பது சுழற்சியிலிருந்து மின்சாரம் எடுப்பது. மெதுவாகச் சுற்றினால் பொறியும் மெலியும். ஆயில் கெட்டியாகிச் சுற்று மெதுவாகும்போது, பலமான பொறி தேவைப்படும் அதே நேரத்தில் அது காலை வாரும். அதனால்தான் நல்ல கார்களில் இரட்டை ஏற்பாடு இருந்தது: கிளம்புவதற்கு பேட்டரியும், அதன் மின்சாரத்தைப் பொறிக்குப் போதுமான வோல்ட்டேஜுக்கு உயர்த்தும் கம்பிச்சுருளான காயிலும், ஓடுவதற்கு மேக்னட்டோ. சில்வர் கோஸ்ட்டில் ஒரு வித்தை உண்டு. சூடான இன்ஜினை நிறுத்தும்போது சிலிண்டருக்குள் எரியாத கலவை தங்கியிருந்தால், கொஞ்ச நேரம் கழித்து காயில் சுவிட்சைப் போட்டு, ஸ்டியரிங் மேல் இருக்கும் இக்னிஷன் லீவரை அசைத்தாலே போதும், ஹேண்டிலைத் தொடாமல் இன்ஜின் தானாக உயிர் பெறும். பார்த்தவர்கள் மாயம் என்று நினைத்தார்கள். குளிரில் ஒரு ராத்திரி நின்ற இன்ஜினில் அது பலிக்காது. கலவை அதற்குள் கசிந்தும் படிந்தும் போயிருக்கும். எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்த பிறகு புதுச் சிக்கல் ஒன்று சேர்ந்தது. குளிரில் பேட்டரியின் சக்தி குறையும். மைனஸ் 18 டிகிரியில் சுமார் பாதிதான் மிஞ்சும். அந்தப் பாதியையும் ஸ்டார்ட்டர் உறிஞ்சிக்கொண்டால் காயிலுக்கு மிச்சம் எங்கே? இன்ஜின் சுற்றும், ஆனால் பொறி இருக்காது. ஸ்டார்ட்டர் பட்டனைவிட்டுக் கையை எடுக்கும் நொடியில் இன்ஜின் ஒரு உதை உதைத்தால், இதுதான் உங்கள் பிரச்சினை. பட்டனை விட்டதும் காயிலுக்கு முழு வோல்ட்டேஜ் திரும்பக் கிடைக்கிறது, ஒரு சிலிண்டர் எரிந்துவிடுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் எரிச்சல் ரகம். தண்ணீர்தான் ஆபத்து ரகம். தண்ணீர் உறையும்போது சுமார் ஒன்பது சதவீதம் விரியும். வார்ப்பிரும்புக்கு அதைத் தாங்கும் சக்தி இல்லை. அதனால் ராத்திரி ஆனதும் தண்ணீரை இறக்கிவிடுவது டிரைவரின் கடைசி வேலை. இதில் நானே பட்ட பாடு ஒன்று. பட்டறையில் சேர்ந்த முதல் குளிர்காலம். வாடிக்கையாளர் ஒருவரின் ஆறு சிலிண்டர் காரில் ரேடியேட்டரின் அடிக் குழாயைத் திறந்து, தண்ணீர் நிற்கும்வரை காத்திருந்து, கடமையை முடித்த நிம்மதியில் வீட்டுக்குப் போனேன். தண்ணீர் நின்றது தீர்ந்ததால் அல்ல, துரு அடைத்ததால். வாட்டர் பம்ப்பில் ஒரு டம்ளர் தண்ணீர் தங்கிவிட்டது. காலையில் பம்ப் சக்கரம் பனிக்கட்டியில் சிக்கியிருக்க, நான் ஸ்டார்ட்டரை அழுத்த, அதை ஓட்டும் இணைப்பு இரண்டாக முறிந்தது. அன்றிலிருந்து தண்ணீர் இறக்கும்போது குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பார்க்காமல் நான் நகர்ந்ததில்லை. ரேடியேட்டருக்கு ஒரு குழாய், இன்ஜினுக்கு ஒரு குழாய், சிலவற்றில் பம்ப்புக்குத் தனியாக ஒன்று என்று இருக்கும். எல்லாவற்றையும் தேடிக் கண்டுபிடியுங்கள்.

காலையில் திரும்ப ஊற்றும்போது சூடான தண்ணீரை ஊற்றுவதுதான் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஒற்றை வைத்தியம். சிலிண்டர்கள் அடங்கிய பிளாக் சூடாகும், அதோடு ஒட்டியிருக்கும் உள்ளிழுப்புக் குழாய் சூடாகும், சிலிண்டர் சுவரில் ஒட்டிய ஆயில் இளகும். ஒரே தண்ணீரில் மூன்று நோய்க்கும் மருந்து. கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிடாதீர்கள். சில்லிட்ட வார்ப்பிரும்பில் வெடிப்பு விழும். குளிப்பதற்கு விளாவுவது போல முதலில் வெதுவெதுப்பாக, பிறகு சூடாக, இரண்டு தவணையில்.

கிளம்பிய பிறகும் தண்ணீர் விட்டுவைக்காது. வெளியே மைனஸ் பத்து, உள்ளே இன்ஜின் கொதிக்கிறது, ரேடியேட்டர் மூடி வழியாக ஆவி பீய்ச்சுகிறது. முதல் தடவை பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். எதிர்க்காற்றில் ரேடியேட்டரின் அடிப்பகுதி உறைந்து அடைத்துக்கொள்வதால் தண்ணீர் சுற்றாமல் நின்று, இன்ஜினில் இருப்பது மட்டும் கொதிக்கிறது. இதற்காகத்தான் ரேடியேட்டர் முன்னால் தோல் உறை, மெத்தை உறை, வெறும் அட்டை என்று எதையாவது கட்டினார்கள். ரோல்ஸ் ராய்ஸ் பின்னாளில் ரேடியேட்டர் முகப்பிலேயே ஜன்னல் பலகை மாதிரி திறந்து மூடும் தடுப்புகளை வைத்தது. அதன் ஃபேன்டம் 1 மாடலில் டிரைவர் தன் இடத்திலிருந்தே அதைத் திருப்புவார். காடிலாக் 1914-இல் அறிமுகப்படுத்திய வி8 இன்ஜினில் தெர்மோஸ்டாட் வைத்து, இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுத்தது. ரேடியேட்டர் மூடிமேல் வட்டமாக நிற்கும் பாய்ஸ் மோட்டோமீட்டரைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அழகுப் பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். டிரைவர் இருக்கையிலிருந்து படிக்கும் தெர்மாமீட்டர் அது. ஒரு குறை, அது தண்ணீரைத் தொடாமல் மேலே உள்ள ஆவியின் சூட்டைத்தான் காட்டும். தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டால் இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதும் அது சாந்தமாக நிற்கும்.

உறையாமல் இருக்கத் தண்ணீரில் எதைக் கலப்பது என்பதில் மனிதர்கள் செய்யாத பரிசோதனை இல்லை. கால்சியம் குளோரைடு உப்பு மலிவு, ஆனால் அலுமினியத்தையும் ஈயப்பற்றையும் தின்றுவிடும். கிளிசரின் நல்லது, ஆனால் விலை அதிகம், குளிரில் கெட்டி, ரப்பர் குழாயை ஊற வைக்கும். அதிகம் பேர் ஊற்றியது சாராயம்தான், அதாவது எத்தனாலும் மெத்தனாலும். மெத்தனால் சுமார் 65 டிகிரியிலும் எத்தனால் 78 டிகிரியிலும் கொதித்துவிடும் என்பதால், ஒரு மேடு ஏறி இறங்கினாலே பாதி பறந்துவிடும். அடுத்த ராத்திரி ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான் மிச்சம் என்பது டிரைவருக்குத் தெரியாவிட்டால், காலையில் பிளாக் வெடித்திருக்கும். 1927-இல் பிரெஸ்டோன் என்ற பெயரில் எத்திலின் கிளைக்கால் கடைக்கு வந்தது. அது 197 டிகிரிவரை கொதிக்காது. சரிபாதி தண்ணீரோடு கலந்தால் மைனஸ் 35 வரை உறையாது. இன்றுவரை நாம் ஊற்றுவது அதன் பிள்ளை குட்டிகளைத்தான்.

தண்ணீரே வேண்டாம் என்று ஒதுங்கியவர்களும் இருந்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ், அமெரிக்காவில் பனி கொட்டும் நகரங்களில் பெயர் போனது. அங்கே இருந்த ஃபிராங்க்ளின் கம்பெனி 1902 முதல் 1934 வரை காற்றால் குளிரும் இன்ஜின்களை மட்டுமே வைத்து, விலை உயர்ந்த கார்களைச் செய்தது. உறைய ஒன்றுமில்லை, ராத்திரி இறக்க ஒன்றுமில்லை. நடுராத்திரியில் நோயாளி வீட்டுக்கு ஓடும் டாக்டர்கள் அதை விரும்பினார்கள் என்பதில் ஆச்சரியமில்லை. பொறியியலாக எனக்கு ஃபிராங்க்ளின் மேல் தனி மரியாதை. மற்றவர்கள் எல்லோரும் நோய்க்கு மருந்து தேடியபோது, அவர்கள் நோயாளியையே வேண்டாம் என்றார்கள்.

ஸ்டார்ட்டர் கதையையும் சொல்லிவிடுகிறேன். டிட்ராய்ட்டில் வழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் காருக்கு உதவ பைரன் கார்ட்டர் என்ற கார் தயாரிப்பாளர் ஹேண்டில் சுற்றினார், அது திருப்பி அடித்துத் தாடை உடைந்து பின்னர் இறந்தார், அந்த வருத்தத்தில் காடிலாக்கின் ஹென்றி லேலண்ட் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரைச் செய்யச் சொன்னார் என்பது ஊரறிந்த கதை. கார்ட்டர் 1908-இல் இறந்தது உண்மை. சம்பவ விவரங்கள் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகின்றன, எனவே அதைக் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். உறுதியானது இது: சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த டெல்கோ ஸ்டார்ட்டர் 1912 காடிலாக்கில் வந்தது, கிளப்பும்போது 24 வோல்ட், சார்ஜ் ஏற்றும்போது 6 வோல்ட். ரோல்ஸ் ராய்ஸ் முதல் உலகப் போர் முடிந்து 1919-இல்தான் அதை வழக்கமாகப் பொருத்தியது. தங்கள் வாடிக்கையாளர்களுக்கு டிரைவர் இருக்கிறார் என்ற எண்ணமும் அந்தத் தாமதத்துக்குக் காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். குளிரின் உச்சத்துக்கு ரஷ்யாவைப் பாருங்கள். ஜார் நிக்கோலாஸின் கார் கொட்டகைக்குத் தலைமைப் பொறியாளராக இருந்த அடோல்ஃப் கெக்ரெஸ், பின்சக்கரங்களுக்குப் பதிலாக ரப்பர் பட்டையும் முன்னால் பனிச்சறுக்குக் கட்டையும் வைத்து அரச கார்களைப் பனியில் ஓட்டினார். புரட்சிக்குப் பின் லெனினுக்கு அதே முறையில் மாற்றிய ரோல்ஸ் ராய்ஸ் இன்றும் மாஸ்கோவுக்கு வெளியே கோர்க்கி லெனின்ஸ்கியே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பனியில் ஓடுவதற்கு வழி கண்டுபிடித்தார்கள். காலையில் அதன் இன்ஜினை எழுப்ப அங்கேயும் யாரோ ஒருவர் இருட்டில் எழுந்திருக்கத்தான் வேண்டியிருந்திருக்கும்.

இனி உங்கள் வண்டி. என் முதல் சந்தேகம் டேங்கில் இருக்கும் பெட்ரோல். கோடையில் நிரப்பி, காற்றோட்டமுள்ள பழைய டேங்கில் மாதக்கணக்கில் கிடந்தால், சுலபமாக ஆவியாகும் லேசான பகுதிதான் முதலில் பறந்துபோகும். மிஞ்சுவது குளிருக்கு உதவாத கனமான பகுதி. செப்டம்பரில் பிடித்தது டிசம்பரில் பிடிக்காததற்கு இது ஒன்றே போதும். அதை இறக்கிவிட்டு, குளிர்காலத்தில் பம்ப்பில் கிடைக்கும் புதுப் பெட்ரோலைக் கொஞ்சமாகப் போடுங்கள். எண்ணெய்க் கம்பெனிகள் குளிர்காலத்துக்கென்று அதிகம் ஆவியாகும் கலவையை விற்கின்றன. பிரிட்டனில் செப்டம்பர் 2021 முதல் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவை தக்கையால் செய்து அரக்குப் பூசியதாக இருந்தால், அந்த எத்தனால் அரக்கைக் கரைத்துவிடும். தக்கை பெட்ரோலைக் குடித்து மூழ்கும். கார்புரேட்டர் வழிந்து பிளக் நனையும். எத்தனால் குறைவாக உள்ள சூப்பர் ரகத்தை வாங்குங்கள், மிதவையையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். இன்ஜினின் உறிஞ்சலால் பெட்ரோலை இழுத்து கார்புரேட்டருக்கு விடும் வேக்குவம் டேங்க் இருக்கும் வண்டியென்றால், நீண்ட நாள் நின்றதில் அது காலியாகியிருக்கும். அதன் மேல் மூடியைத் திறந்து கால் லிட்டர் ஊற்றாமல் எவ்வளவு சுற்றினாலும் வீண்.

பிறகு ஆயில். கார் கையேடு என்ன சொல்கிறது என்று பார்த்து, குளிர்காலத்துக்கு ஒரு படி இளக்கமான தரம் ஊற்றுங்கள். அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கை இன்ஜின் அடியில் வைத்தார்கள். கம்பிவலை போட்ட பாதுகாப்பு விளக்கே விற்றார்கள். நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் ஒட்டும் மின்சாரச் சூடேற்றி இப்போது கிடைக்கிறது. ராத்திரி முழுக்கப் பொருத்தி வைத்துப் பானட் மேல் கம்பளம் போர்த்துங்கள், பேட்டரிக்கு மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் சார்ஜரையும் மாட்டுங்கள்.

காலையில் பிளக்குகளைக் கழற்றி, சமையலறை அடுப்பின் ஓவனில் சூடாக்கி, துணியால் பிடித்துத் திரும்ப மாட்டுங்கள். நூறு வருடப் பழைய தந்திரம், இன்னும் பலிக்கிறது. காய்ந்த சூடான பிளக் முதல் பொறியை நிச்சயம் கொடுக்கும். பிளக்குகளைக் கழற்றிய நிலையிலேயே, சுவிட்ச் அணைந்திருக்க, ஹேண்டிலால் பத்துப் பன்னிரண்டு சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். ஆயில் படலம் அறுபடும், பேரிங்குக்குக் கொஞ்சம் ஆயில் போகும். மாட்டிய பிறகு சோக்கை முழுக்க இழுத்து, சுவிட்ச் இல்லாமல் இரண்டு சுற்று. அதன் பிறகுதான் சுவிட்ச். இக்னிஷன் லீவரை முழுக்க ரிட்டார்ட் பக்கம், அதாவது பொறி தாமதமாக விழும் பக்கம், தள்ளிவிட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள், ஹேண்டிலைக் கீழிருந்து மேலே இழுங்கள், மேலிருந்து கீழே அழுத்தாதீர்கள். இதை மறந்ததால் மணிக்கட்டு உடைந்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஸ்டார்ட்டர் பயன்படுத்தினால் ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம். நடுவில் அது ஆறட்டும். அரை மணி நேரம் போராடினேன் என்று எழுதியிருந்தீர்கள், அதைப் படித்தபோது எனக்கு அந்த ஸ்டார்ட்டரை நினைத்துத்தான் கவலை.

ஈதர் ஸ்ப்ரே பற்றி: வேண்டாம். ஈதர் குளிரிலும் சட்டென்று தீப்பிடிக்கும் என்பது உண்மைதான், பழைய ஆட்கள் பெட்ரோலில் ஈதர் கலந்ததும் உண்டு. ஆனால் ஈதர் வெடிப்பது மென்மையாக அல்ல. அந்தக் காலத்துப் பிஸ்டனுக்கும் வெள்ளை உலோகப் பேரிங்குக்கும் அது சுத்தியல் அடி. அதோடு, கார்புரேட்டர் வழியாக நெருப்பு பின்னோக்கிப் பாய்ந்தால், கீழே வழிந்து நிற்கும் பெட்ரோலில் நெருப்பு விழும். முதலாளியின் காரோடு கொட்டகையும் போகும். பக்கத்தில் தீயணைப்பான் இல்லாமல் இந்த வேலை எதையும் தொடங்காதீர்கள்.

இன்ஜின் பிடித்ததும் செய்யும் தவறுதான் பிடிக்காததைவிட அதிகச் சேதம் செய்கிறது. சந்தோஷத்தில் ஆக்சிலரேட்டரை அமுக்காதீர்கள். தடுமாறாமல் ஓடும் அளவுக்கு மட்டும் வேகம் வைத்து, முடிந்த சீக்கிரம் சோக்கை உள்ளே தள்ளுங்கள். சோக் இழுத்தபடி நின்றால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே சம்ப்புக்குப் போகும். ஆயில் அளவுக் கம்பியில் மட்டம் கூடிக்கொண்டே வந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள், கூடுவது பெட்ரோல். கம்பியை முகர்ந்து பாருங்கள், மூக்கு சொல்லிவிடும். கொட்டகைக்குள் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது மிகக் கெட்ட பழக்கம். உள்ளே நீராவி படிந்து துரு ஏறும். எடுத்தால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள், இல்லையென்றால் மார்ச் வரை எடுக்காதீர்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. மைனஸ் பத்தில் காய்ந்த குளிரைவிட, ஐந்து டிகிரியில் மூடுபனி போட்ட காலைதான் கார்புரேட்டருக்குத் தொல்லை. பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் இருபது டிகிரி வரை இறங்கும். ஈரக்காற்றில் இருக்கும் தண்ணீர் தொண்டையில் பனியாகப் படிந்து அடைக்கும். ஐந்து நிமிடம் நன்றாக ஓடிய வண்டி காரணமில்லாமல் திணறி நிற்கும். பத்து நிமிடம் கழித்து, இன்ஜின் சூட்டில் அந்தப் பனி உருகியதும், ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். யார்க்‌ஷரில் அந்தக் காலைகளுக்குப் பஞ்சமில்லை. அப்படி நின்றால் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டாம், ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

கூலன்ட், அதாவது உறையாமல் இருக்கத் தண்ணீரில் கலக்கும் திரவம், விஷயத்தில், பழைய வண்டிகளுக்கு நான் இன்றைய நீண்ட ஆயுள் ரகங்களை ஊற்றுவதில்லை, அந்த ஈயப்பற்றுகளுக்கு அவை ஒத்துவருமா என்ற சந்தேகத்தால். சிலிக்கேட் சேர்த்த பழைய நீலநிற ரகத்தைத்தான் ஊற்றுகிறேன். எதை ஊற்றினாலும், தண்ணீர் கசியாத இடத்தில்கூட கிளைக்கால் கசியும், கேஸ்கெட் வழியாக ஆயிலில் கலந்தால் பேரிங்கைத் தீர்த்துவிடும். முதல் வாரம் தினமும் ஆயிலின் நிறத்தைப் பாருங்கள், பால் கலந்த காபி மாதிரி தெரிந்தால் அன்றே நிறுத்துங்கள்.

இத்தனையும் செய்து பிடிக்கவில்லை என்றால் என் ஊகம் தவறு, கோளாறு வேறு இடத்தில். ஒரு சோதனை மட்டும் செய்துவிட்டு எழுதுங்கள்: பிளக்குகளை மாட்டி, சுவிட்சை அணைத்து, ஹேண்டிலை மெதுவாகச் சுற்றும்போது இரண்டு சுற்றுக்கு ஆறு தடவை கையில் எதிர்ப்புத் தெரிய வேண்டும். ஆறும் ஒரே மாதிரி இருக்கின்றனவா, ஏதாவது ஒன்று தொளதொளவென்று போகிறதா? காரின் பெயரும் மாடல் வருடமும் மேக்னட்டோவா காயிலா என்பதும் சேர்த்துச் சொன்னால், அடுத்து எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன்.